தரவுத் தொகுப்பில் 97 சதவீதம், மணிக்கட்டில் தடுமாற்றம்: ஸ்மார்ட் வாட்ச் நம் அசைவுகளை அறிவது எப்படி?

கேள்வி: இறுதியாண்டு பொறியியல் படிக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச்சில் உள்ள அசைவு உணரிகளைக் கொண்டு, அணிந்திருப்பவர் நடக்கிறாரா, சாப்பிடுகிறாரா, விரலால் ஏதாவது சைகை காட்டுகிறாரா என்று கண்டறிவதுதான் என் புராஜெக்ட். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.ஐ.) இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும், பலரும் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பை வைத்து ஒரு கணினி மாடலுக்குப் பயிற்சி கொடுத்தேன். 97 சதவீதத் துல்லியம் வந்தது. அதே மாடலை என் ஆண்ட்ராய்டு வாட்ச்சில் ஓட்டினால், நான் உட்கார்ந்திருக்கும்போது நடப்பதாகச் சொல்கிறது. எங்கே பிழை? இந்தத் தொழில்நுட்பம் உண்மையில் எப்படி இயங்குகிறது?

பதில்:

உங்கள் மாடலுக்கு என்ன கோளாறு என்பதை முதலில் பார்த்துவிடலாம். அடிப்படைகளை அதன் வழியாகவே விளக்க முடியும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட தொகுப்பு மணிக்கட்டில் அளந்தது அல்ல. இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 19 முதல் 48 வயது வரையிலான 30 பேரின் இடுப்பில் சாம்சங் கேலக்ஸி எஸ் 2 கைப்பேசியைக் கட்டி, நொடிக்கு 50 முறை அளந்து சேர்த்த தரவு அது. நடப்பது, படி ஏறுவது, படி இறங்குவது, உட்காருவது, நிற்பது, படுப்பது ஆகிய ஆறு செயல்கள் மட்டுமே அதில் உண்டு. ஒருவர் நாற்காலியில் அமர்ந்ததும் இடுப்பு அடங்கிவிடும். கை அடங்காது. விசிறும், தலையைச் சொறியும், எதிரில் இருப்பவரிடம் பேசும்போது காற்றில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும். இடுப்பிலிருந்து கற்றுக்கொண்ட மாடலுக்கு 'உட்காருதல்' என்றால் ஏறக்குறைய அசைவே இல்லாத நிலை. உங்கள் மணிக்கட்டு அந்த நிலைக்கு வருவதே இல்லை.

அடுத்தது அலகு. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் இதுவும் சேர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தத் தொகுப்பின் முடுக்க அளவுகள் 'ஜி' அலகில் இருக்கின்றன. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை 1 என்று கொண்டவை. ஆண்ட்ராய்டு தரும் எண்ணோ மீட்டர் கணக்கில் வருகிறது. அங்கே புவியீர்ப்பு 9.8. மாற்றாமல் அப்படியே ஊட்டினால் ஒவ்வொரு அசைவும் மாடலின் கண்ணுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். உட்கார்ந்தபடி விரலால் மேசையைத் தட்டினாலும் அது நடையாகிவிடும். ஆப்பிள் சாதனங்கள் ஜி அலகிலேயே தருகின்றன, ஆனால் குறி தலைகீழ். திரை வானத்தைப் பார்த்தபடி மேசையில் கிடக்கும்போது ஆண்ட்ராய்டில் செங்குத்து அச்சு கூட்டல் 9.8 காட்டும், ஆப்பிளில் கழித்தல் 1 காட்டும். எந்த மாடலையும் ஓட்டும் முன், வாட்ச்சை ஆறு பக்கமும் திருப்பித் திருப்பி மேசையில் வைத்து வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலைதான்; பல வாரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மேசையில் சும்மா கிடக்கும் வாட்ச் ஏன் பூஜ்யம் காட்டுவதில்லை என்பதில்தான் இந்தக் கருவியின் அடிப்படை இருக்கிறது. ஆக்சிலரோமீட்டர் எனப்படும் முடுக்கமானி சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிப். அதற்குள் சிலிக்கானிலேயே செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, சிலிக்கான் சுருள்களில் தொங்குகிறது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்வது எந்த நியாயத்தால் நடக்கிறதோ, அதே நியாயத்தில் வாட்ச் அசையும்போது இந்த எடை பின்தங்குகிறது. அந்த எடையிலிருந்து நீளும் மெல்லிய பற்களுக்கும் பக்கத்தில் நிலையாக நிற்கும் பற்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறினால் மின்தேக்குத்திறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் எண்ணாக்கித் தருகிறது. மூன்று திசைகளுக்கும் இதே ஏற்பாடு. அசையாமல் கிடந்தாலும் புவியீர்ப்பு எடையைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால் 1 ஜி தெரிகிறது. கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கணத்தில் மட்டும் பூஜ்யத்தை நெருங்குகிறது.

புவியீர்ப்பு கலந்து வருவதைத் தொல்லையாக நினைத்து வடிகட்டி எறிந்துவிடாதீர்கள். கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. முன்கையைக் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி உயர்த்திப் பிடித்தால், முன்கை நீள்கிற அச்சில் சரியாக அரை ஜி விழும். வாய்க்கு அருகில் போன கையா, மேசையில் கிடக்கும் கையா, தொங்கும் கையா என்பது பெரும்பாலும் இந்தச் சாய்விலேயே தெரிந்துவிடுகிறது. ஜெனோவா குழுவும் 0.3 ஹெர்ட்ஸுக்கு (அதாவது நொடிக்கு 0.3 முறைக்கு) கீழே உள்ள மெதுவான மாற்றத்தைப் புவியீர்ப்பு என்று பிரித்தெடுத்து, அதையும் தனிச் சிக்னலாக வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு உணரி கைரோஸ்கோப். இது கை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை நொடிக்கு இவ்வளவு கோணம் என்று தரும். உள்ளே ஒரு நுண்ணிய எடை ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். வாட்ச் சுழலும்போது கோரியோலிஸ் விசை அந்த அதிர்வைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல்தான் அளவு. எடையை எந்நேரமும் அதிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், முடுக்கமானியைவிட இது பல மடங்கு மின்சாரம் குடிக்கும். அதனால்தான் வாட்ச்சுகளில் முடுக்கமானி மட்டும் நாள் முழுக்க விழித்திருக்கிறது. ஏதோ நடக்கிறது என்று அது சந்தேகப்பட்டால் மற்றவை எழுப்பப்படுகின்றன. உங்கள் வடிவமைப்பிலும் இந்தப் படிநிலை இருக்கட்டும். பேட்டரியை மதியத்துக்குள் தீர்த்துவிடும் வாட்ச்சை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இந்தத் துறைக்குள் நுழையும் அநேகருக்கு வரும் ஆசை ஒன்று உண்டு: முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டால் தூரம் கிடைக்குமே, கை காற்றில் போன பாதையை அப்படியே வரைந்துவிடலாமே என்று. கணக்குப்படி சரி. நடைமுறையில் ஆகாது. முடுக்கமானியில் ஒரு ஜியில் நூற்றில் ஒரு பங்கு பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நொடி கழித்து, மேசையில் அசையாமல் கிடக்கும் வாட்ச் ஏறத்தாழ 5 மீட்டர் நகர்ந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். அதனால் பாதையை வரையும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு செயலும் சிக்னலில் விட்டுச்செல்லும் தடத்தை அடையாளம் காண்பதுதான் வழக்கம்.

சிக்னலை இரண்டு மூன்று நொடித் துண்டுகளாக நறுக்குகிறார்கள். இத்துறையில் இதைச் சாளரம் என்பார்கள். ஜெனோவா தொகுப்பில் சாளரம் 2.56 நொடி. நொடிக்கு 50 என்றால் அது 128 அளவீடுகள். இரண்டின் அடுக்காக இருப்பதால் அதிர்வெண் கணக்குக்கு வசதி. ஒவ்வொரு சாளரத்திலிருந்தும் சராசரி, ஏற்ற இறக்கம், எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் அதிகம், இரண்டு அச்சுகள் ஒன்றாக அசைகின்றனவா என்பன போன்ற குணங்களைப் பிழிந்தெடுத்து, இது எந்தச் செயல் என்று முடிவு செய்யும் வகைப்படுத்தியிடம் கொடுப்பது பழைய வழி. குணங்களைத் தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கிடம் கச்சா சிக்னலை அப்படியே கொடுப்பது புதிய வழி. மாணவர் புராஜெக்ட்டுக்குப் பழைய வழியில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பிழை வந்தால் எந்தக் குணத்தால் வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். வாட்ச்சுக்குள் இருக்கும் சின்ன பிராசஸரிலும் ஓடும்.

இப்போது உங்கள் 97 சதவீதத்துக்கு வருகிறேன். சாளரங்கள் ஒன்றோடொன்று பாதி மேற்கவிந்து வெட்டப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுக் கலக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்திருந்தீர்கள் என்றால், சோதனைக்குப் போன சாளரத்தின் பாதி, பயிற்சிக்குப் போன பக்கத்துச் சாளரத்தில் ஏற்கெனவே இருக்கும். அதே ஆளின் அதே நடையின் அடுத்த அடியைத்தான் 'புதிய தரவு' என்று மாடலிடம் காட்டியிருப்பீர்கள். தொகுப்பை உருவாக்கியவர்கள் கவனமாகவே 21 பேரைப் பயிற்சிக்கும் மற்ற 9 பேரைச் சோதனைக்கும் தனித்தனியாகப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். பலர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி கலக்கிவிடுகிறார்கள். ஒருவரை முழுக்க வெளியே நிறுத்தி, மற்றவர்களிடம் கற்றதை அவரிடம் சோதித்து, இப்படி ஒவ்வொருவராகச் செய்து சராசரி எடுங்கள். எண் இறங்கும். அதுதான் உண்மையான எண்.

2004-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாவோவும் இன்டிலும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையின் தொடக்கக் கற்களில் ஒன்று. 20 பேர், 20 அன்றாடச் செயல்கள், உடலில் ஐந்து இடங்களில் உணரிகள். பங்கேற்றவர்கள் ஆய்வாளர் பக்கத்தில் நிற்காத நேரத்தில், தாங்களே செய்து தாங்களே குறித்துக்கொண்ட தரவு. கிடைத்த துல்லியம் 84 சதவீதம். அந்த 84-ஐ, கலக்கிய குவியலில் வந்த 97-ஐவிட நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தொடை, மணிக்கட்டு என்ற இரண்டு இடங்கள் மட்டும் இருந்தாலே பெரிய இழப்பு இல்லை என்றும் அவர்கள் கண்டார்கள். கால் செய்வதைத் தொடை சொல்கிறது, கை செய்வதை மணிக்கட்டு சொல்கிறது. வாட்ச் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் உங்களுக்கு முதல் பாதி கிடையாது. குழந்தை வண்டியையோ கடையில் தள்ளுவண்டியையோ பிடித்துக்கொண்டு நடந்தால் வாட்ச் அடிகளைக் குறைவாக எண்ணுவது இதனால்தான். கால் நடக்கிறது, கை கைப்பிடியில் நிற்கிறது.

மணிக்கட்டுக்கென்றே எடுத்த தொகுப்பு வேண்டுமானால், அமெரிக்காவின் ஃபோர்டாம் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட விஸ்டம் தொகுப்பைப் பாருங்கள். 51 பேர், 18 செயல்கள். பேன்ட் பையில் கைப்பேசி, கையில் வாட்ச். பல் துலக்குவது, கை தட்டுவது, துணி மடிப்பது, எழுதுவது, தட்டச்சு செய்வது, சூப் குடிப்பது எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வாட்ச்சை ஒவ்வொருவரின் பழக்கக் கையில் கட்டியிருந்தார்கள், வலக்கைக்காரருக்கு வலக்கை. நம்மில் பெரும்பாலோர் இடக்கையில் கட்டுகிறோம். இரண்டு, அளவீடு நொடிக்கு 20 முறைதான்.

அந்த 20 என்ற எண் எங்கே வம்பு செய்யும் என்பதற்கு நம் ஊர்ச் சாலையே எடுத்துக்காட்டு. ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்று சிக்னலில் நின்று நிமிடத்துக்கு 1,320 சுற்றில் இயங்குகிறது என்று வையுங்கள். நொடிக்கு 22 சுற்று. அந்த 22 ஹெர்ட்ஸ் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டுக்கு ஏறுகிறது. நொடிக்கு 20 முறை மட்டும் அளந்தால், ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அதிர்வு ஒரு முழுச் சுற்றும் இன்னும் கொஞ்சமும் போயிருக்கும்; அந்தக் கொஞ்சம் மட்டுமே கண்ணில் படுவதால் 22 ஹெர்ட்ஸ் அதிர்வு 2 ஹெர்ட்ஸாகத் தோன்றும். சாதாரண நடையில் நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறோம்; அதுவும் 2 ஹெர்ட்ஸ்! பைக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் நடந்துகொண்டிருப்பதாக மாடல் சாதிக்கும். சிப்புக்குள் இருக்கும் வடிகட்டி சரியாக அமைந்திருந்தால் இது நேராது. 100 ஹெர்ட்ஸில் எடுத்த தரவை 20-க்குக் குறைக்க வேண்டி, ஐந்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நான்கைத் தூக்கி எறிந்தால் நிச்சயம் நேரும். குறைக்கும் முன் வடிகட்டுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் கவனத்தால் தீர்ந்துவிடும் பிழைகள். கவனத்தால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மொத்தக் கடினமும் அதில்தான் இருக்கிறது. உங்கள் மாடலுக்கு ஆறு பெட்டிகள் இருந்தால், அது எதைப் பார்த்தாலும் ஆறில் ஒன்றில் போட்டாக வேண்டும். வாழ்க்கையோ அந்த ஆறுக்கு வெளியேதான் பெரும்பகுதி நடக்கிறது. வெங்காயம் நறுக்குவது, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது, கொசு அடிப்பது, பூ கட்டுவது, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குவது: இவற்றுக்கெல்லாம் பெட்டி கிடையாது. ஒரு சைகையைப் பார்த்து 'இது அதுதான்' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது எளிது. மற்ற எல்லாவற்றையும் பார்த்து 'இது அது இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது மலையைப் பெயர்ப்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் நேரம் 16 மணி. நொடிக்கு ஒரு முறை மாடல் முடிவெடுத்தால் ஒரு நாளில் 57,600 முடிவுகள். சைகை இல்லாதபோது 'இல்லை' என்று சொல்வதில் அது 99.9 சதவீதம் சரி என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 57, 58 முறை வீணாக எகிறும். அந்தச் சைகையை நீங்கள் ஒரு நாளில் உண்மையாகச் செய்வது பத்து முறை என்றால், வாட்ச் 'கண்டுகொண்டதில்' பெரும்பாலானவை பொய். ஆய்வுக் கட்டுரையில் 99.9 கைதட்டல் வாங்கும். கையில் கட்டினால் இரண்டாம் நாள் கழற்றி வைத்துவிடுவோம். உங்கள் அறிக்கையில் துல்லிய சதவீதத்துக்குப் பக்கத்தில் 'ஒரு மணி நேரத்தில் எத்தனை பொய் எச்சரிக்கை' என்ற எண்ணையும் கட்டாயம் போடுங்கள்.

சந்தைக்கு வந்த கருவிகள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் அவற்றின் வடிவமைப்பு முழுவதும் புரிந்துவிடும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு முறை தட்டினால் வாட்ச் கேட்டுக்கொள்ளும் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். கையை முழுதாகப் பயன்படுத்த முடியாதவர்களுக்காக ஆப்பிள் 2021-இல் விரல் கிள்ளல், முஷ்டி மடக்கல் ஆகிய சைகைகளை அறிமுகப்படுத்தியது. 2023-இல் அதன் வழியே இரட்டைத் தட்டல் எல்லோருக்கும் வந்தது. விரல்கள் மோதும்போது மணிக்கட்டு வழியே போகும் தசைநாண்கள் இழுபடுகின்றன, நுண்ணிய அதிர்வு எழுகிறது, ரத்த ஓட்டத்திலும் சிறு மாற்றம் வருகிறது. முடுக்கமானி, கைரோஸ்கோப் இரண்டோடு, இதயத் துடிப்பைப் பார்க்கும் ஒளி உணரியும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. அதைவிட முக்கியமான தந்திரம் வேறு: திரை விழித்திருக்கும்போது மட்டுமே இரட்டைத் தட்டல் வேலை செய்கிறது. கையை உயர்த்தித் திரையைப் பார்க்கும் சில நொடிகள் மட்டுமே மாடல் காவல் நிற்கிறது. 57,600 என்ற எண் சில நூறாகச் சுருங்கிவிடுகிறது.

அதிர்வு என்றதும் 2016-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லபுட், ஷியாவ், ஹாரிசன் மூவரும் செய்த வைபேண்ட் ஆய்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. சாதாரண வாட்ச் ஒன்றின் மென்பொருளை மாற்றி, அதன் முடுக்கமானியை நொடிக்கு 4,000 முறை அளக்கவைத்தார்கள். புதிதாக எந்த உணரியும் சேர்க்கவில்லை. அவ்வளவு நெருக்கமாக அளந்தபோது, உடல் வழியே பரவும் அதிர்வுகள் கிட்டத்தட்ட ஒலியைப் போல் தெளிவாகத் தெரிந்தன. விரல் சொடுக்குவது, முன்கையைத் தட்டுவது, சொறிவது ஆகியவை பிரிந்து தெரிந்தன; கையில் பிடித்திருக்கும் மின்கருவி எது என்பதையும் அதன் மோட்டார் அதிர்விலிருந்தே சொல்ல முடிந்தது. நம் மிக்ஸியும் கிரைண்டரும் இந்த வழியில் நிச்சயம் மாட்டும். உங்கள் வாட்ச்சில் 4,000 எட்டாவிட்டாலும், எவ்வளவு வேகமாக அளக்கிறோம் என்பதே எதைப் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கை கழுவுவதைக் கண்டறிவதில் சாட்சி மைக்ரோஃபோன். 2020-இல், பெருந்தொற்றுக் காலத்தில், ஆப்பிள் வாட்ச்சில் வந்த அந்த வசதி, கைகளைத் தேய்க்கும் அசைவோடு நீரின் ஓசையையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் 20 நொடிக் கணக்கைத் தொடங்கும். கீழே விழுவதைக் கண்டறிவதில் சாட்சி அணிந்திருப்பவரே. ஒரு கணம் எடை குறைவது, பெரிய அதிர்ச்சி, பிறகு கிடையான நிலை: இந்த வரிசை தெரிந்ததும் வாட்ச் 'விழுந்துவிட்டீர்களா' என்று கேட்கும், ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவே இல்லாவிட்டால்தான் அவசர உதவியை அழைக்கும். ஆப்பிள் வாட்ச்சில் 2018 முதல் இது இருக்கிறது. 2022-இல் கார் விபத்தைக் கண்டறியும் வசதி வந்தபோது, அமெரிக்காவில் பனிச்சறுக்கு மலைகளிலிருந்தும் ராட்டினப் பூங்காக்களிலிருந்தும் அவசர மையங்களுக்குப் பொய் அழைப்புகள் குவிந்தன. சறுக்கி விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தவர்களின் தடம், விபத்தின் தடத்தோடு அவ்வளவு ஒத்திருந்தது. மிகப் பெரிய நிறுவனத்தின் தரவுக்கும் வெளியே வாழ்க்கை இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் புராஜெக்ட்டுக்கு நான் பரிந்துரைப்பது சாப்பாடு. காரணம் இருக்கிறது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஹூவர், எரிக் மத் குழுவினர் கவளங்களை எண்ணும் கருவி ஒன்றைச் செய்தார்கள். உணவை வாய்க்குக் கொண்டுபோகும்போது மணிக்கட்டு ஒரு பக்கம் உருள்கிறது, வாயிலிட்டதும் எதிர்ப்பக்கம் உருள்கிறது. கைரோஸ்கோப்பின் ஒரே ஒரு அச்சை மட்டும் கவனித்து, இந்த உருளல், மறு உருளல், இரண்டுக்கும் இடையிலான நேரம் ஆகியவற்றை வைத்தே கவளத்தை எண்ணினார்கள். நியூரல் நெட்வொர்க் எதுவும் இல்லை. இவ்வளவு எளிமையான ஒன்று வேலை செய்தது என்பதே அழகு.

ஆனால் அந்த வகைத் தரவின் பெரும்பகுதி முள்கரண்டி, கரண்டி, சாண்ட்விச் உலகத்தில் எடுத்தது. சோற்றைப் பிசைவது, ரசத்தை உள்ளங்கையில் ஏந்தி உறிஞ்சுவது, இட்லியைப் பிட்டுச் சட்டினியில் தோய்ப்பது, கட்டைவிரலால் கவளத்தை வாய்க்குள் தள்ளுவது ஆகியவற்றின் தடம் வேறு. பிசையும்போது விரல்கள் நிறைய வேலை செய்கின்றன, மணிக்கட்டு குறுகிய இடத்தில் திரும்பத் திரும்ப அசைகிறது. கவளம் எண்ணும் மாடல் இதைக் கவளம் என்று தவறாக எண்ணக்கூடும். தண்ணீர் குடிப்பதும் அப்படியே. உதட்டில் வைத்துக் குடிப்பவரின் மணிக்கட்டுச் சாய்வும், அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவரின் மணிக்கட்டுச் சாய்வும் ஒன்றாக இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் சாப்பிடுவது வலக்கையால், வாட்ச் கட்டுவது இடக்கையில். சாப்பிடும் கை வாட்ச்சுக்குத் தெரிவதே இல்லை! இடக்கை தட்டைப் பிடித்திருக்கும், மடியில் கிடக்கும், கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது இடக்கை என்ன செய்கிறது என்பதிலிருந்தே சாப்பாட்டு நேரத்தை ஊகிக்க முடியுமா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. விடுதி உணவுக்கூடத்தில் இரு கைகளிலும் வாட்ச் கட்டி எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தரவு எடுக்கும்போது ஒரு பக்கத்தில் வீடியோ ஓடட்டும். பதிவு தொடங்கியதும் பங்கேற்பவரை மூன்று முறை கை தட்டச் சொல்லுங்கள். சிக்னலில் மூன்று கூர்முனைகள் தெரியும், வீடியோவில் மூன்று தட்டல்கள் தெரியும். இரண்டையும் பொருத்திவிட்டால் எந்த நொடியில் என்ன நடந்தது என்பதைத் துல்லியமாகக் குறிக்கலாம். முடிவிலும் ஒரு முறை தட்டச் சொல்லுங்கள். இரண்டு கடிகாரங்களும் நடுவில் எவ்வளவு விலகின என்பது தெரிந்துவிடும். வாரைத் தளர்த்திக் கட்டுபவர், இறுக்கிக் கட்டுபவர், இடக்கைக்காரர், திரையை மணிக்கட்டின் உட்புறம் திருப்பிக் கட்டுபவர் எல்லோரும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். சாப்பிடாத நேரத்தையும் பல மணி நேரம் பதிவு செய்யுங்கள். சாப்பாட்டுத் தரவைவிட அது பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும்.

பங்கேற்பவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், சம்பிரதாயத்துக்காக அல்ல. வெறும் அசைவுதானே, இதில் என்ன ரகசியம் என்று தோன்றும். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஏ.டி.எம். போன்ற எண்பலகையில் ரகசிய எண்ணைத் தட்டும் கையின் வாட்ச் தரவிலிருந்து அந்த எண்ணை முதல் முயற்சியிலேயே 80 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். மூன்று முயற்சிகளில் 90-ஐத் தாண்டியது. ஆண்ட்ராய்டு 12 முதல், நொடிக்கு 200 முறைக்கு மேல் அசைவு உணரியைப் படிக்க வேண்டுமானால் செயலி அதற்கெனத் தனி அனுமதியை அறிவிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. நோயும் அசைவில் தெரிகிறது. பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் மணிக்கட்டில் முடுக்கமானி அணிந்திருந்தார்கள். அந்தத் தரவை வைத்து 2023-இல் கார்டிஃப் ஆய்வாளர்கள், மருத்துவர் கண்டுபிடிப்பதற்கு ஏழு ஆண்டுகள் வரை முன்னதாகவே பார்க்கின்சன் நோயின் சாயல் அசைவில் தெரிவதைக் காட்டினார்கள். நோயாளிக்கு இது பெரிய நன்மை. அதே தரவு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கோ வேலை கொடுப்பவரின் கைக்கோ போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். உங்கள் நண்பர்களின் அசைவுத் தரவைப் பெயரோடு சேர்த்து எங்கேயும் பொதுவில் ஏற்றாதீர்கள். வீடியோவைக் குறிப்பு வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அலகை மாற்றுங்கள், ஆறு பக்கச் சோதனை செய்யுங்கள், யூ.சி.ஐ. தொகுப்பை ஓரமாக வைத்துவிட்டு விஸ்டமின் வாட்ச் பகுதியை எடுங்கள், ஆளுக்கு ஆள் பிரித்துச் சோதியுங்கள். எண் 97-இலிருந்து இறங்கினால் உங்கள் வழிகாட்டியிடம் அதை மறைக்க வேண்டாம். ஒவ்வொரு நபருக்கும் வந்த துல்லியத்தைத் தனித்தனி வரிசையாகப் போட்டு, மிகக் குறைவாக வந்தவரின் சிக்னலை வரைபடமாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த வரைபடத்தையும் இங்கே பகிர்ந்தால், எந்த அச்சில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.